சிறிய குழுவின் பெரிய வெற்றியும் இரசிகர் கற்கும் பாடமும்

யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். கால்பந்து ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு இப்பழமொழியின் பொருளைத் தனியே விளக்கத் தேவையில்லை. பேரும் புகழும் பெற்ற பெரிய குழு ஒன்று, யாரும் அதிகம் அறியாத சிறிய குழுவிடம் கோப்பைப் போட்டியில் தோற்றுப் போவதுண்டு. மறுநாள் செய்தித்தாள்கள் அதை வியந்து எழுதுகின்றன. வென்ற ஊரில் வெடி வெடிக்கிறது. தோற்ற ஊரில் பேச்சு அடங்கிப் போகிறது.

இத்தகைய வெற்றி ஏன் நிகழ்கிறது? அதைக் கண்ட இரசிகர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர்? எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டி வாழும் நமக்குக் கால்பந்து புதியதன்று. உலகக் கோப்பை நடைபெறும் மாதத்தில் வடசென்னைத் தெருக்களில் பிரேசில், அர்ஜென்டீனா கொடிகள் பறப்பதை நாம் பார்க்கிறோம். ஆகவே இது நமக்கு உரிய பாடமே.

லீக்கும் கோப்பையும்

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வோம். லீக் என்பது பல மாதங்கள் நடைபெறும் போட்டி. ஒவ்வொரு குழுவும் தன் பிரிவிலுள்ள மற்றக் குழுக்கள் அனைத்தோடும் ஆட வேண்டும். வென்றால் மூன்று புள்ளிகள். சமமாக முடிந்தால் ஒரு புள்ளி. இறுதியில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, முன்னணியில் நிற்கும் குழுக்களை மேல் பிரிவுக்கு உயர்த்துவர். கடைசியில் நிற்பவற்றைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவர். சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் லீக்கில் சீனியர் டிவிஷனும், அதற்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களும் இருப்பது இம்முறையை ஒட்டியே. பள்ளிப் படிப்போடு ஒப்பிட்டால், லீக் என்பது ஆண்டு முழுவதும் நாம் வாங்கும் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை.

கோப்பைப் போட்டி அவ்வாறன்று. அதில் மேல் பிரிவுக் குழுவும் கீழ்ப் பிரிவுக் குழுவும் ஒரே களத்தில் சந்திக்கலாம். நாக்-அவுட் சுற்றில் ஒருமுறை தோற்றால் அத்தோடு வெளியேற வேண்டியதுதான். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871ஆம் ஆண்டில் தொடங்கியது. நம் நாட்டின் டூரண்ட் கோப்பை 1888ஆம் ஆண்டில் சிம்லாவில் தொடங்கியது. இப்போது டூரண்ட் கோப்பையின் முதற்சுற்று லீக் முறையில் நடந்தாலும், கால் இறுதி தொட்டு நாக்-அவுட் முறைதான்.

யானை சறுக்குவது எதனால்?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள் விழுந்தன. ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல்கூட இல்லை. உலகின் தலைசிறந்த வீரர்கள் தொண்ணூறு நிமிடம் ஓடியும் கிடைத்தது அவ்வளவே!

கிரிக்கெட்டில் இருபது ஓவர் ஆட்டமானாலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 120 பந்துகள் உண்டு. ஒரு பந்தில் தவறினால் அடுத்த பந்தில் ஈடு செய்யலாம். நம் பகுதியில் விரும்பி ஆடப்படும் கேரமிலும் காய்கள் பல. கைத்திறன் மிக்கவரே பெரும்பாலும் வெல்வார். கால்பந்திலோ, தொண்ணூறு நிமிடத்தில் ஒரே ஒரு கோல் முடிவைத் தீர்மானித்துவிடலாம். கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, கோல் காப்பாளரின் கை நழுவும் ஒரு நொடி, நடுவர் கொடுக்கும் ஒரு பெனால்டி ஆகிய இவை போதும். பல மாத லீக்கில் இத்தகைய தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். ஒரே ஆட்டத்தில் அதற்கு நேரம் இல்லை.

இத்துடன் மனநிலையும் சேர்கிறது. பெரிய குழுவுக்கு அது ஆண்டின் பல ஆட்டங்களில் ஒன்று. சிறிய குழுவுக்கோ அது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் ஆட்டம். தற்செயல் கதவைத் திறக்கலாம். உள்ளே நுழைய ஆயத்தமாய் நிற்பவர் வேண்டுமல்லவா? பயிற்சியில்லாத குழுவுக்கு எந்தத் தற்செயலும் உதவாது.

ஒரே வாரத்தில் மூன்று ஊர்களின் மகிழ்ச்சி

இப்போது ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம். கொல்கத்தாவின் தெற்கே, ஹூக்ளி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் டைமண்ட் ஹார்பர் என்னும் ஊர் இருக்கிறது. நம் காசிமேடு போலவே படகும் வலையும் மீன் ஏலமும் நிறைந்த ஊர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய கால்பந்துக் குழு 2022ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. ஐ-லீக் 2 என்னும் மூன்றாம் நிலைப் போட்டியில் 2024–25 பருவத்தில் வாகை சூடி, இரண்டாம் நிலைக்கு உயர்வு பெற்றது. 2025ஆம் ஆண்டு டூரண்ட் கோப்பையில் அது முதன்முறையாகக் கலந்துகொண்டது.

முதற்சுற்றில் மோகன் பகான் குழு அதனை 5–1 என்று தோற்கடித்தது. அத்தோடு அதன் கதை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணியிருப்பர். ஆனால் அது கால் இறுதிக்குத் தகுதி பெற்று, முதல் பிரிவைச் சேர்ந்த ஜாம்ஷெட்பூர் குழுவை 2–0 என்று வென்றது. அரை இறுதியில் எதிரே நின்றது ஈஸ்ட் பெங்கால்.

ஈஸ்ட் பெங்கால் 1920இலும் மோகன் பகான் 1889இலும் தோன்றிய பழம்பெரும் குழுக்கள். கொல்கத்தாவில் இவ்விரு குழுக்களின் இரசிகர்களுக்கு இடையே உள்ள போட்டி மீன் சந்தை வரைக்கும் செல்லும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்பது அவர்கள் வழக்கம். அன்றைய சமையலைக் கேட்டே அவ்வீட்டார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்!

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. கால் இறுதியில் ஈஸ்ட் பெங்கால் தன் பரம எதிரியான மோகன் பகானை 2–1 என்று வென்றது. இலிஷ் மீனுக்கு உரிய நாள் அது. மூன்று நாள் சென்றது. 20ஆம் தேதி, புதன்கிழமை, சால்ட் லேக் அரங்கில் அரை இறுதி. இடைவேளைக்குப் பின் டைமண்ட் ஹார்பருக்காக ஸ்பெயின் நாட்டு வீரர் மிகேல் கோர்த்தாசார் முதல் கோலைப் போட்டார். அடுத்த நிமிடமே அன்வர் அலி ஈஸ்ட் பெங்காலுக்குச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஜாபி ஜஸ்டின் இரண்டாம் கோலைப் போட்டார். திருவனந்தபுரத்துக் கடற்கரையைச் சேர்ந்த இவர், முன்பு ஈஸ்ட் பெங்காலுக்காகவே ஆடியவர்! ஆட்டம் 2–1 என்று முடிந்தது. மூன்று வயதே ஆன குழு, நூறு வயது கடந்த குழுவை வென்றுவிட்டது.

மேலும் மூன்று நாள் சென்றது. 23ஆம் தேதி, சனிக்கிழமை, இறுதி ஆட்டம். குவஹாத்தியைச் சேர்ந்த நார்த் ஈஸ்ட் யுனைடெட் குழு டைமண்ட் ஹார்பரை 6–1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகப் பெற்றது.

தோழியரே, இந்த ஒரு வாரத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஞாயிறு சிரித்தவர் புதன் அழுதனர். புதன் சிரித்தவர் சனி அழுதனர். மகிழ்ச்சி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் படகு போல் கடந்து சென்றது. ஞாயிறன்று எதிரியைப் பார்த்து எள்ளி நகையாடியவர் எவரேனும் இருந்தால், புதன்கிழமை அவர் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்? வெற்றியில் அடக்கம் வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லும்போது அது வெறும் நல்லொழுக்கப் பாடமாக நமக்குத் தோன்றலாம். அந்த வாரமோ அதை அனுபவப் பாடமாகவே காட்டிவிட்டது.

எல்லை மீறிய பற்று

இரசிகரின் பற்று எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் கொல்கத்தாவே சான்று. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடின. களத்தில் வீரர்களுக்கிடையே மூண்ட சினம் பார்வையாளர் பகுதிக்கும் பரவியது. கைகலப்பு எழுந்தது, மக்கள் அஞ்சி ஓடினர், நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை திரும்பி வருவான் என்று வாசலில் காத்திருந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

கொல்கத்தா மக்கள் அந்நாளை மறக்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16ஆம் தேதியைக் கால்பந்து அன்பர் தினமாகக் கடைப்பிடித்து, இரத்ததானம் செய்து வருகின்றனர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாகப் பிறர் உயிர் காக்க இரத்தம் கொடுப்பது எவ்வளவு பொருத்தமான நினைவு! தோற்றவர் மீது வீசும் ஒரு சொல்லும் ஒரு கல்லும் எங்கே போய் முடியும் என்பதை வீசுபவர் அறியார். ஆகவே வீசாதிருப்பதே அறிவு.

கலே: ஒரு துறைமுக ஊரின் கதை

தோற்றவரை எப்படி மதிப்பது என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பிரான்சு நாட்டில் உண்டு. அந்நாட்டின் வடகரையில், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் இடத்தில் கலே என்னும் துறைமுக ஊர் இருக்கிறது. கப்பலும் லேஸ் நெய்யும் தொழிலும் அவ்வூரின் பிழைப்பு. அதன் கால்பந்துக் குழு நான்காம் பிரிவில் ஆடியது. ஆடியவர்கள் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். துறைமுகத் தொழிலாளி, ஆசிரியர், கடை ஊழியர் என்று பகலில் வேலை பார்த்து மாலையில் பயிற்சி செய்தவர்கள்.

1999–2000 பருவத்தின் பிரெஞ்சுக் கோப்பையில் இக்குழு படிப்படியாக முன்னேறியது. இரண்டாம் பிரிவுக் குழுக்களான லீல், கான் இரண்டையும் பெனால்டி முறையில் வென்றது. முதல் பிரிவைச் சேர்ந்த ஸ்ட்ராஸ்பூர் குழுவை வென்றது. அரை இறுதியில், அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சின் லீக் வாகையரான போர்தோ குழுவைக் கூடுதல் நேரத்தில் 3–1 என்று வென்றது. ஊரே திரண்டு தலைநகரை நோக்கிப் புறப்பட்டது.

2000ஆம் ஆண்டு மே 7 அன்று பாரிசை அடுத்த ஸ்டாட் ட பிரான்ஸ் அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே முதல் பிரிவுக் குழுவான நாந்த். 34ஆம் நிமிடத்தில் கலே குழுவின் துதித்ர் முதல் கோலைப் போட்டார். இடைவேளைக்குப் பின் நாந்த் சமன் செய்தது. கடைசி நிமிடத்தில் நடுவர் நாந்த் குழுவுக்குப் பெனால்டி கொடுத்தார், அதுவும் கோலாயிற்று. கலே 2–1 என்று தோற்றது.

அதன் பிறகு நடந்ததே நாம் நினைவில் வைக்க வேண்டியது. கோப்பையை வாங்கச் சென்ற நாந்த் குழுவின் தலைவர் லாந்த்ரோ, தோற்ற குழுவின் தலைவர் பெக் என்பவரை அருகில் அழைத்தார். இருவரும் சேர்ந்தே கோப்பையை உயர்த்தினர். சட்டப்படி வென்றது ஒரு குழு. அரங்கில் இருந்தோர் மனத்தில் வென்றவை இரண்டு குழுக்கள். தோற்றவருக்குத் தன் கோப்பையில் ஒரு கைப்பிடி கொடுப்பதால் வென்றவர் எதையும் இழப்பதில்லை என்று அந்த இளைஞர் உலகுக்குக் காட்டினார்.

ஆயினும் இக்கதைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. அந்த வெற்றிகளின் நினைவாகக் கலே ஊரில் ஒரு புதிய ஆட்ட அரங்கு கட்டப்பட்டது; வீரகாவியம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் இட்டனர். ஆனால் குழு நிலைக்கவில்லை. பணமுடை முற்றி, 2017ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது. அரங்கின் பெயரில் காவியம் இருக்கிறது. காவியம் படைத்த குழு இல்லை. பல்லாயிரவர் ஒருநாள் கூடி ஆர்ப்பரித்தது உண்மை. ஆனால் ஒருநாள் ஆர்ப்பரிப்பு ஒரு குழுவை வாழ வைக்கப் போதாது. மழை நாளிலும், தோற்றுக்கொண்டிருக்கும் பருவத்திலும், எதிர்க் குழுவின் பெயர் யாருக்கும் தெரியாத ஆட்டத்திலும் கரையோரம் வந்து நிற்கும் சிலர் வேண்டும். கணக்கை நேர்மையாக எழுதுபவர் வேண்டும். பந்தும் காலணியும் வாங்க உதவுபவர் வேண்டும். அவர்களே குழுவின் அடித்தளம்.

நம் மண்ணில்

இனி நம் ஊருக்கு வருவோம். வடசென்னையின் வியாசர்பாடியில் முல்லை நகர் மைதானம் இருக்கிறது. எளிய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்று வருகின்றனர். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. குழுவில் ஆடியவர். 2018 மார்ச்சில் சென்னை நேரு அரங்கில் நடந்த ஐ.எஸ்.எல். அரை இறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அன்று அரங்கமே அவரைப் பாராட்டிக் கை தட்டியது. ஆனால் அவர் சிறுவனாகப் பந்து உதைத்த நாட்களில் கை தட்டியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பெண்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியில் மணிப்பூர் மாநிலம் 15 முறைக்கும் மேல் வாகை சூடியது. அம்மாநிலத்தை வெல்வது அரிது என்பதே எல்லோருடைய எண்ணமும். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றனர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை அதே 2–1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் பெற்றனர். இது பிரிவு வேறுபாடு பற்றிய வெற்றி அன்று. எனினும் யானையின் அடி சறுக்கிய வெற்றிதான்.

இச்செய்தியை நம் தெருவில் எத்தனை பேர் அறிவர்? அர்ஜென்டீனா வீரர் அணியும் சட்டை எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் தம்பிமார், கட்டாக் வெற்றியைக் கேட்டால் விழிக்கின்றனர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமே அதைச் சொல்லவில்லையே! பெண்களுக்கு எதற்குக் கால்பந்து என்று கேட்கும் பாட்டிமாரும் பெரியப்பாமாரும் நம் வீடுகளில் உண்டு. அவர்களிடம் வாதாடுவதைவிட, அடுத்த ஆட்டத்துக்கு அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்து கரையோரம் உட்கார வைப்பது நல்லது. பந்து கோலுக்குள் போகும்போது முதலில் எழுந்து நிற்பவர் பாட்டியாகத்தான் இருப்பார்.

நாம் செய்யத்தக்கவை

நல்ல இரசிகராக இருக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆட்டத்தின் விதிகளை முறையாகக் கற்றுக்கொள்வோம். விதி அறிந்தவர் நடுவரை வீணாகத் தூற்ற மாட்டார். எதிர்க் குழு நன்றாக ஆடும்போதும் கை தட்டுவோம். நம் குழு வென்றால் தோற்ற தோழியரிடம் சென்று கை குலுக்குவோம். தோற்றால் காப்பாளர் மீது பழி போட வேண்டாம். மற்றப் பத்துப் பேரைக் கடந்துதான் பந்து அவரிடம் வந்தது. ஆட்டம் முடிந்ததும் நாம் உட்கார்ந்த இடத்தில் காகிதமும் தண்ணீர்ப் பாட்டிலும் கிடக்காமல் பார்த்துக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வருவது என்ற வழக்கத்தை விட்டுவிடுவோம். நம் பள்ளிக் குழு முதல் சுற்றில் ஆடும்போதும், பத்து பேர்கூடப் பார்க்க வராத வெயில் நேரத்திலும், நாம் அங்கே இருப்போம். பயிற்சிக்குப் போகும் தோழி தவறவிட்ட பாடக் குறிப்பை எழுதிக் கொடுப்பதும் இரசிகர் செய்யும் தொண்டுதான். அவள் வீட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டிய முறை வரும்போது ஒரு குடம் நாம் தூக்கிக் கொடுத்தால், அரை மணி நேரப் பயிற்சி அவளுக்கு மிச்சமாகும்.

சிறிய குழு பெரிய குழுவை வெல்வது எப்போது நிகழும் என்று எவரும் கணித்துச் சொல்ல முடியாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அந்நாள் வரும்வரை அக்குழு உயிரோடு இருக்க வேண்டும். அதை உயிரோடு வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. வியப்பு ஒருநாள் விருந்து. பற்று அன்றாட உணவு. அன்றாட உணவை மறவாமல் அளிப்போம்; விருந்து வரும்போது எல்லோரும் சேர்ந்து உண்போம்!